அம்பாசடரா, பத்மினியா?

கேள்வி: எங்கள் வீட்டில் 1984ஆம் ஆண்டுப் பெட்ரோல் அம்பாசடர் ஒன்று நிற்கிறது. அதே காலத்துப் பிரீமியர் பத்மினி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் சீர்செய்து வைத்துக்கொள்ள முடியும். எஞ்சின் பெரியது என்பதால் அம்பாசடரே வேகமானது என்கிறார் அப்பா. அது சரிதானா?
– வாசகர், சேலம்

பதில்: இழுவையைப் பொறுத்தவரை உங்கள் அப்பா சொல்வது சரி, வேகத்தைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது. அம்பாசடரின் எஞ்சின் 1489 சி.சி., ஏறத்தாழ 50 குதிரைத்திறன். பத்மினியுடையது 1089 சி.சி., ஏறத்தாழ 40 குதிரைத்திறன். ஆனால் பத்மினியின் எடை 900 கிலோவுக்குள் அடங்கிவிடும். அம்பாசடரோ 1,100 கிலோவைத் தாண்டும். எடையோடு சேர்த்துக் கணக்கிட்டால் இரண்டுக்கும் கிடைக்கும் திறன் ஏறக்குறைய ஒன்றுதான்.

உண்மையான வேறுபாடு சிலிண்டருக்குள், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய்க்குள் இருக்கிறது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழிவந்த அம்பாசடரில் சிலிண்டரின் விட்டம் 73 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88.9 மில்லிமீட்டர். ஃபியட் 1100இன் வழிவந்த பத்மினியில் இவை 68, 75 மில்லிமீட்டர். பிஸ்டன் நெடுந்தூரம் ஏறி இறங்கும் எஞ்சின், குறைந்த சுழற்சியிலேயே நன்றாக இழுக்கும். அதனால்தான் ஆறு பேரும் மூட்டை முடிச்சுகளுமாக ஏற்காடு மலை ஏறும்போது அம்பாசடர் அலுத்துக்கொள்வதில்லை. பத்மினியை அதே பாரத்தோடு ஏற்ற வேண்டுமானால் கியரைக் குறைத்து, எஞ்சினைச் சுழலவிட்டுத்தான் ஏற்ற முடியும். ஓட்டுநர் மட்டும் இருக்கும் நகரப் பயணத்திலோ, சிறிய உடலும் துடிப்பான எஞ்சினும் கொண்ட பத்மினியே சுறுசுறுப்பாகத் தோன்றும். எனக்கும் நெரிசலான கடைத்தெருவில் அதுவே பிடிக்கும்.

இரண்டிலும் கியர் கம்பி ஸ்டியரிங்கின் பக்கத்திலேயே இருக்கிறது. முன்பக்க கியர்கள் நான்குதான். குலுக்கலைத் தாங்குவதற்குப் பின்புறம் இரண்டுக்கும் பட்டை ஸ்பிரிங்தான். முன்புறம் அம்பாசடருக்கு முறுக்குக் கம்பி, பத்மினிக்குச் சுருள் ஸ்பிரிங். அம்பாசடரின் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2,464 மில்லிமீட்டர், அதாவது பத்மினியைவிட 12 சென்டிமீட்டருக்கும் மேல் அதிகம். பின்னிருக்கையில் கால்களை நீட்டி உட்காரும் சுகம் அதிலிருந்துதான் வருகிறது.

சீர்செய்வதில் கவனிக்க வேண்டியது சூடு. பத்மினியின் சிலிண்டர் ஹெட், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடி, அலுமினியத்தால் ஆனது. ரேடியேட்டர் அடைத்துத் தண்ணீர் கொதித்தால் ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போய்விடும். அம்பாசடரின் வார்ப்பிரும்பு ஹெட் அதைச் சற்று தாங்கும். ஆனால் அது ஈயம் கலந்த பெட்ரோலுக்காகவே செய்யப்பட்டது. வால்வு அமரும் இடம் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். 2000ஆம் ஆண்டோடு அந்தப் பெட்ரோல் நின்றுவிட்டதால், எஞ்சினைப் பிரிக்கும்போதே புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இடத்தில் கடினமான வளையங்களைப் பொருத்திவிடச் சொல்லுங்கள்.

குடும்பத்தோடு வெளியூர் போகத்தான் கார் என்றால், வீட்டில் நிற்கும் அம்பாசடரையே சரிசெய்யுங்கள். பத்மினியை வாங்கியே தீருவதென்றால், விலை பேசுவதற்கு முன் வண்டியை அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, எஞ்சின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். மிதந்தால் கேஸ்கட் போயிருக்கலாம்.