அவசர எண்ணை அழைத்தால் ஏன் இத்தனை கேள்விகள்?

கேள்வி: அவசர உதவி எண்ணை அழைத்தால், வண்டியை அனுப்பாமல் ஏன் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள்? தொலைபேசியை எடுப்பதைத் தவிர அங்கே இருப்பவருக்கு வேறு என்ன வேலை?

பதில்: இதைக் கேட்டிருப்பவர் அண்மையில் வீட்டில் யாருக்கோ முடியாமல் போய், அந்த எண்ணை அழுத்தி, எதிர்முனையில் ஒருவர் நிதானமாக ஊரையும் வயதையும் விசாரித்துக்கொண்டிருந்ததைப் பொறுக்க முடியாமல் தவித்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்தத் தவிப்பை நான் சிறிதும் குறைத்து எண்ணவில்லை. ஆனால் கேள்வியின் இரண்டாவது வரி என்னைச் சுட்டுவிட்டதால், வழக்கமாக இங்கே வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ளும் நான் இன்று எழுத உட்கார்ந்தேன். காரைக்காலில் பிறந்து, திருமணத்திற்குப் பிறகு இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவுக்கு வந்தவள் நான். பிரெஞ்சு மருத்துவ அவசர சேவையான சாமுவில், 15 என்ற எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுப்பது என் வேலை.

முதலில் நேரான பதில்: நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் வண்டி காத்துக்கொண்டிருப்பதில்லை. நீங்கள் சொல்லும் இடம், திரும்ப அழைப்பதற்கான எண், நடந்தது என்ன என்ற மூன்றையும் நான் தட்டச்சு செய்யும்போதே அவை மருத்துவரின் திரையிலும், வண்டிகளைக் கையாளும் சக ஊழியரின் திரையிலும் தெரியும். ஒருவர் மூச்சு விடவில்லை என்றோ, எழுப்பினால் எழவில்லை என்றோ நீங்கள் சொன்னால், மருத்துவர் உங்களிடம் பேசுவதற்கு முன்பே வண்டி கிளம்பிவிடும். அதன் பிறகு நான் கேட்பவையெல்லாம், வண்டி வந்து சேரும் வரை அவரை உயிரோடு வைத்திருப்பதற்கான கேள்விகள். மற்ற அழைப்புகளில் மருத்துவரே தொலைபேசியில் பேசி, மருத்துவரும் செவிலியரும் உள்ள குழு போக வேண்டுமா, தீயணைப்பு வீரர்களின் முதலுதவி வண்டி போதுமா, சாதாரண ஆம்புலன்ஸா, வெறும் ஆலோசனையா என்று முடிவெடுப்பார். சாமுவுக்கு இந்தப் பொறுப்பைக் கொடுத்த சட்டம் 1986இல் வந்தது. தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கும் 108 சேவையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, மருத்துவர் தொலைபேசியிலேயே நோயாளியைப் பார்க்கத் தொடங்கும் இந்த முறை புதிதாக இருக்கலாம். எது சிறந்தது என்று நான் வாதாட வரவில்லை. இரண்டு முறைகளும் வேறு வேறு நிலைமைகளில் பிறந்தவை.

இடத்தைத்தான் முதலில் கேட்போம், அதையே இரண்டு முறை கேட்போம். இந்தத் தீவின் ஊர்களில் ஏறக்குறைய பாதி புனிதர்களின் பெயரைக் கொண்டவை: சான் தெனி, சான் போல், சான் பியேர், சான் லூயி, சான் லே, சான் ஜோசெப், சான் பெனுவா, சான் ஆந்த்ரே. பயத்தில் நடுங்கும் குரல் முதல் பாதியைச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை விழுங்கிவிடும். சுற்றிலும் மலைகள் சூழ்ந்த பள்ளமான சிலாவோஸுக்குப் போகும் சாலையில் 400க்கும் மேற்பட்ட வளைவுகள் இருக்கின்றன. அதைப் போன்ற இன்னொரு பள்ளமான மஃபாத்துக்குச் சாலையே கிடையாது, நடந்து போக வேண்டும் அல்லது ஹெலிகாப்டரில் போக வேண்டும், மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிட்டால் அதுவும் போக முடியாமல் போகலாம். இடம் தெரியாத நோயாளிக்கு உலகத்தின் சிறந்த மருத்துவராலும் எதுவும் செய்ய இயலாது.

கேள்விகளால் என்ன பயன் என்பதற்கு ஓர் அழைப்பைச் சொல்கிறேன். தொழில் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவள் என்பதால், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். "அந்தத் தெருவில் அப்படி ஒரு வீடே இல்லையே" என்று யாரும் கிளம்பி வர வேண்டாம்.

ஒரு காலை நேரம், பக்கத்து மேசையில் இருந்த சக ஊழியர் கையை உயர்த்தி என்னை அழைத்தார். அவருக்கு விளங்காத மொழியில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தார், அது தமிழ். மகள் வீட்டைப் பார்க்கக் கணவரோடு ஊரிலிருந்து வந்திருந்த வயதான அம்மா அவர். மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருந்தார்கள். இந்தியாவில் 2019 முதல் பரவலான 112ஐ நினைவில் வைத்து, தன்னுடைய இந்தியக் கைப்பேசியிலிருந்தே அதை அழுத்தியிருந்தார். ஐரோப்பாவின் பொது எண்ணும் அதுவே என்பதால் அழைப்பு எங்களை வந்து சேர்ந்தது. ஆனால், அவர் எங்கே இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. மலைப்பக்கம், மகள் வீடு, அவ்வளவுதான். இருப்பிடத்தைக் காட்டும் இணைப்பைக் குறுஞ்செய்தியில் அனுப்பினால், பேசிக்கொண்டிருக்கும் கைப்பேசியில் அதை எப்படித் திறப்பது என்று அவருக்குப் புரியவில்லை. மின்கட்டண ரசீது இருக்கிறதா என்று கேட்டால், "அந்த எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றார்.

"முதல்ல வண்டிய அனுப்பும்மா, அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் கேளு" என்று அவர் கெஞ்சியது இன்றும் என் காதில் இருக்கிறது. அவர் கேட்டதில் தவறேதும் இல்லை. வெள்ளிக்கிழமை எந்தக் கோயிலுக்குப் போனீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், வழியில் கரும்புத் தோட்டம் வந்ததா என்று நான் கேட்டபோது, கணவர் தரையில் கிடக்கையில் இவள் கோயிலைப் பற்றிப் பேசுகிறாளே என்று அவருக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் அவர் சொன்ன அம்மன் பெயரையும், கோபுரத்தின் எதிரே இருந்த ரொட்டிக் கடையையும் வைத்துச் சக ஊழியர் அந்தப் பகுதியைக் கண்டுகொண்டு, தீயணைப்பு வீரர்களின் வண்டியையும் மருத்துவர் குழுவையும் அந்தத் திசையில் கிளப்பிவிட்டார். வீட்டு எண் பிறகுதான் கிடைத்தது. வாசலில் நின்று "மதாம்! மதாம்!" என்று உரக்கக் கூப்பிடச் சொன்னேன், பக்கத்து வீட்டில் இருந்த இந்தத் தீவுக்காரப் பெண்மணி ஓடி வந்து, கைப்பேசியை வாங்கி, ஒரே மூச்சில் முகவரியைச் சொல்லி முடித்தார்.

அதற்குள் அடுத்த கேள்வி: மூச்சு விடுகிறாரா? "குறட்டை விடுறாரு" என்றார் அம்மா. இந்த விடையைக் கேட்டால் எங்களில் எவருக்கும் முதுகு நிமிர்ந்துவிடும். இதயம் நின்றுபோனவர் முதல் சில நிமிடங்கள் குறட்டை போல விட்டு விட்டு இழுப்பதுண்டு. வீட்டார் அதை உறக்கம் என்று எண்ணிக் காத்திருப்பார்கள். உடனே மார்பை அழுத்தத் தொடங்காவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 விழுக்காடு குறைந்துகொண்டே போகும். அதனால் கணவரின் வயிற்றின் மேல் கையை வைத்து, வயிறு மேலே எழும்பும் ஒவ்வொரு முறையும் "இப்போ" என்று சொல்லச் சொன்னேன். இப்போ, இப்போ, இப்போ என்று சீரான இடைவெளியில் வந்தது. மூச்சு இருக்கிறது. மார்பை அழுத்த வேண்டியதில்லை, ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். இரண்டு பெண்களும் சேர்ந்து அதைச் செய்தார்கள்.

பிறகு, சர்க்கரை நோய் உண்டா, ஊசியா மாத்திரையா, காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். மலைக்குளிரில் மாவு புளிக்காமல் போனதால் இட்லி வார்க்கவில்லை, இன்சுலினை மட்டும் வழக்கமான நேரத்தில் போட்டுக்கொண்டு, மகள் திரும்பி வந்ததும் சாப்பிடலாம் என்று உட்கார்ந்திருந்திருக்கிறார். வியர்த்துக் கொட்டியது, சம்பந்தமில்லாமல் பேசினார், பிறகு சரிந்தார். எங்கள் மருத்துவர் அழைப்பில் சேர்ந்துகொண்டார். நான் இரு பக்கமும் மொழிபெயர்த்தேன். சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்து அவர் வாயில் ஊற்றவிருந்த அம்மாவை மருத்துவர் தடுக்கச் சொன்னார், ஏனென்றால் நினைவில்லாதவருக்கு வாயில் எதை ஊற்றினாலும் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். வழியில் இருந்த குழுவுக்கு இவையெல்லாம் வயர்லெஸ்ஸில் போய்ச் சேர்ந்ததால், வீட்டுக்குள் நுழைந்ததும் அவர்கள் விரல் நுனியைக் குத்திச் சர்க்கரையைப் பார்த்து, இரத்தக் குழாய் வழியாக குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவர் கண் விழித்துவிட்டார் என்று குழுவின் மருத்துவர் தெரிவித்தார். பெரும்பாலான அழைப்புகளில் முடிவு என்ன ஆயிற்று என்பது எங்களுக்குத் தெரியவே வராது.

எல்லா மையங்களும் எல்லா நாளும் குறையின்றி நடக்கின்றன என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாக எடுத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 2017 டிசம்பரில் ஸ்திராஸ்பூர் நகரில், 22 வயதுப் பெண் ஒருத்தி வயிற்று வலியோடு அழைத்தபோது ஏளனமாகப் பதில் சொல்லப்பட்டதும், அன்றே அவள் இறந்ததும், மறு ஆண்டு அந்த ஒலிப்பதிவு வெளியானபோது நாடே கொதித்ததும் எங்கள் தொழிலில் உள்ள எவராலும் மறக்க முடியாதவை. அதன் பிறகுதான், 2019இல், இந்த வேலைக்கென்று பட்டயப் படிப்பு வந்தது. ஓராண்டுக் காலம், பாதி வகுப்பறையிலும் பாதி நேரடிப் பயிற்சியிலும். நான் கேட்ட "இப்போ" கேள்வி அப்படிக் கற்றுக்கொள்ளும் ஒன்றுதான். இத்தனைக்குப் பிறகும் உறவினர் வீட்டு விருந்தில், "ஆஸ்பத்திரியில் போன் எடுக்கிறாள்" என்று என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். செவிலியருக்குக் கிடைக்கும் மதிப்பில் ஒரு பங்கும் எங்களுக்கு இல்லை. 2023 ஜூலையில் பிரான்சு முழுவதும் எங்கள் தொழிலினர் வேலைநிறுத்தம் அறிவித்தபோது கூட, அழைப்பு எடுக்காமல் விட முடியாது என்பதால், கையில் பட்டை கட்டிக்கொண்டு அதே நாற்காலியில் அமர்ந்துதான் நிறுத்தம் செய்தோம். நாங்கள் கேட்டது, எங்களையும் நோயாளியைக் கவனிப்பவர்களாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதை.

கேள்விகளே உதவியாகும் நாளும் ஒன்று உண்டு. 2024 ஜனவரி 15 அன்று, பெலால் புயல் தீவை நெருங்கியபோது, காலை 6 மணிக்கு ஊதா எச்சரிக்கை விடுக்கப்பட்டது. சிவப்பு எச்சரிக்கையில் பொதுமக்கள் வெளியே வரக்கூடாது. ஊதாவில் தீயணைப்பு வீரர்களும் மருத்துவர் குழுக்களும் கூட வெளியே போகக்கூடாது. பறந்து வந்த தகரம் முன்கையைக் கிழித்துவிட்ட ஒருவர் அழைத்தார். இரத்தம் பீய்ச்சுகிறதா, கசிகிறதா, விரல்களை மடக்க முடிகிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டு, துணியை மடித்து எங்கே வைத்து எவ்வளவு அழுத்த வேண்டும் என்று சொல்லி, அழுத்திய கையை எடுத்துப் பார்க்க அவரை விடாமல் வைத்திருந்தோம். வலையமைப்பு அறுந்து அறுந்து போனது. முதலிலேயே அவருடைய எண்ணையும் பக்கத்து வீட்டாரின் எண்ணையும் வாங்கியிருந்ததால், எச்சரிக்கை தளரும் வரை மாற்றி மாற்றி அழைத்துக்கொண்டே இருந்தோம். திரும்ப அழைக்கும் எண்ணை ஏன் கேட்கிறார்கள் என்று எரிச்சலடைபவர்கள் இதைத் தயவுசெய்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்குகிறார்கள் என்றால், வீட்டு முகவரியைத் தமிழ் எழுத்தில், பிரெஞ்சு உச்சரிப்பு அப்படியே வரும்படி எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். அதற்குக் கீழே 15 என்ற எண்ணையும், அவர்கள் சாப்பிடும் மருந்துகளின் பெயரையும், பக்கத்து வீட்டாரின் பெயரையும் எழுதுங்கள். அழைக்கும்போது ஊரின் முழுப் பெயரைச் சொல்லுங்கள், ஒலிபெருக்கியைப் போட்டுக் கைப்பேசியை நோயாளியின் பக்கத்தில் வையுங்கள், நாங்கள் சொல்லும் வரை அழைப்பைத் துண்டிக்காதீர்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால், அவரை நாயைக் கட்டிவிட்டு, வெளிவாசலைத் திறந்து, தெருவில் போய் நிற்கச் சொல்லுங்கள்.