முக்குளிப்பானும் மூஞ்சூறும்: வடசென்னைக்காரர்கள் கேட்டவை

ரெட்டேரியில் குட்டி வாத்து போல ஒன்று நீந்துகிறது. கிட்டே போனால் சட்டென்று மூழ்கி வேறெங்கோ எழுகிறது. வாத்துக் குஞ்சா? (கொளத்தூர்)

இல்லைங்க, அது முக்குளிப்பான். வளர்ந்த பறவையே ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல்தான். வாத்துக்கு அலகு தட்டை. இதற்குச் சிறிய கூர் அலகு, வாயோரத்தில் மஞ்சள் பொட்டு. கால்கள் உடம்பின் பின்கோடியில் இருப்பதால் தண்ணீருக்குள் பாயும், கரையில் தடுமாறும்.

ராத்திரியில் சமையலறைக்கு மூஞ்சூறு வருகிறது. எலிப்பசை அட்டை வைக்கலாமா? (தண்டையார்பேட்டை)

தயவுசெய்து வேண்டாம் அக்கா. மூஞ்சூறு எலி இனமே இல்லை, பூச்சிதின்னி. உங்கள் வீட்டுக் கரப்பானைப் பிடிக்கத்தான் வருகிறது. அதன் மேல் வீசும் நாற்றம் விலாவில் இருக்கும் சுரப்பியிலிருந்து வருவது. கண் பார்வை மங்கல் என்பதால் சுவரோரமாகவே ஓடும். விளக்கை அணைத்து, கதவைத் திறந்து வையுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போய்விடும்.

இரண்டையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பறவை, பாலூட்டி என்பதற்கு மேல் என்ன எழுதுவது? (எண்ணூர், 9ஆம் வகுப்பு)

நல்ல கேள்வி தம்பி. குட்டிகளை எப்படி இடம் மாற்றுகின்றன என்று பார். முக்குளிப்பான் குஞ்சுகள் பொரித்ததும் அப்பா அம்மா முதுகில் ஏறி, சிறகுக்குள் புகுந்துகொள்ளும். வரிவரியான தலை மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். மூஞ்சூறு சுமக்காது. கூட்டுக்கு ஆபத்து வந்தால் முதல் குட்டி தாயின் வாலடி ரோமத்தைக் கவ்வும், அடுத்தது முந்தியதைக் கவ்வும், அப்படியே ரயில் பெட்டி போல எல்லாம் ஒன்றாக ஓடும். ஒருமுறை மழைநீர் புகுந்த மாடிப்படிக்கு அடியிலிருந்து நான்கு குட்டிகள் இப்படிப் போனதைப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிடி விடவில்லை. அப்புறம், முக்குளிப்பான் முட்டையை அடைகாக்க ஏறக்குறைய 20 நாள், மூஞ்சூறு குட்டியை வயிற்றில் சுமக்க ஏறக்குறைய 30 நாள். முக்குளிப்பானில் அப்பாவும் அடைகாக்கும். இதையும் எழுது.

2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தபோது கூழைக்கடாக்கள் கறுத்துப் போயின. முக்குளிப்பானுக்கும் அதே ஆபத்தா? (காட்டுக்குப்பம்)

ஆமாம். எண்ணெய் பட்டால் இறகுகள் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் உள்ளே புகும், உடம்பு சில்லிடும். நாளெல்லாம் முங்கி இரை தேடும் பறவை அது. நினைத்தாலே மனசு பதறுகிறது.

ஏரியில் ஆகாயத்தாமரை அள்ளுகிறோம். நடுவில் அழுகிய பாசிக் குவியல் மிதக்கிறது, பறவை எதுவும் இல்லை. எடுத்துவிடலாமா? (மாதவரம்)

தொடாதீர்கள். முக்குளிப்பான் கூட்டை விட்டு இறங்கும்போது முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டுத்தான் போகும். தள்ளி நின்று அரை மணி நேரம் பாருங்கள், திரும்பி வரலாம்.