முதியோரின் பணமும் தொலைபேசி மோசடியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியரான என் தந்தையிடம், கருவூலத்திலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர், வாழ்நாள் சான்றிதழைப் புதுப்பிக்காவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும் என்று பயமுறுத்தி ஓடிபி எண்ணை வாங்கிவிட்டார். பாஸ்புக்கில் பதிவு போட்டபோது 20,000, 20,000, 9,500 என மூன்று வரிகளில் பணம் போயிருந்தது. அப்பா எங்களிடம் வாய் திறக்கவே இரண்டு நாட்கள் ஆயின. பணம் திரும்பக் கிடைக்குமா? அவருடைய செல்போனை வாங்கி வைத்துவிடலாமா?
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: இரண்டு நாள் கடந்துவிட்டதே என்று தயங்காமல், இன்றே சைபர் மோசடிப் புகார்களுக்கான தேசிய உதவி எண்ணான 1930-இல் புகார் செய்யுங்கள். கணக்கு எண், ஒவ்வொரு பரிவர்த்தனையின் எண், நேரம், தொகை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் கணக்குவிட்டுக் கணக்கு மாறிக்கொண்டே போகும். எந்தக் கணக்கில் மிச்சம் இருக்கிறதோ அங்கேதான் அதை முடக்க முடியும் என்பதால், முழுத் தொகையும் வரும் என்று நான் உறுதி கூற மாட்டேன். வங்கிக் கிளையிலும் எழுத்து மூலம் புகார் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். ரிசர்வ் வங்கி 2017-இல் வெளியிட்ட விதிகளின்படி, வாடிக்கையாளரே ஓடிபியைச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரைச் சேர்ந்தது. தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. தருமபுரியில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் நேரில் முறையிடலாம்.

செல்போனைப் பிடுங்காதீர்கள். பிள்ளைகள் திட்டுவார்கள் என்ற அச்சமும், படித்த நானே ஏமாந்தேனே என்ற கூச்சமும்தான் உங்கள் தந்தையை இரண்டு நாள் மௌனமாக்கியிருக்கும். அந்த மௌனம் மோசடிக்காரனுக்குத்தான் லாபம். ஆகவே, முதலில் அவரிடம் கடிந்து பேசாதிருங்கள். ஓய்வூதியக் கணக்கில் யுபிஐ, இணைய வங்கி இரண்டையும் நிறுத்திவிட்டு, கடைச் செலவுக்கான சிறு தொகையை மட்டும் வேறொரு கணக்கில் போட்டுச் செல்போனில் இணைத்துக் கொடுங்கள். வாழ்நாள் சான்றிதழுக்குக் கருவூலத்துக்கு நேரில் போகலாம்; முடியாதவர்களுக்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்து தருகிறார்.

கேள்வி: போலீஸ் உடையில் வீடியோ அழைப்பில் வந்த ஒருவர், என் தாயாரை ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ செய்திருப்பதாகச் சொல்லி, அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்றாராம். அப்படி ஒரு சட்டம் உண்டா?
- ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: கிடையாது. வீடியோ அழைப்பில் யாரையும் கைது செய்ய எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. வழக்கிலிருந்து விடுவிக்க எந்தக் காவல் அதிகாரியும் கணக்கு எண் கொடுத்துப் பணம் கேட்க மாட்டார். அழைப்பைத் துண்டித்துவிட்டு, யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவர்கள் மிரட்டினாலும், பக்கத்து வீட்டாரையாவது உடனே கூப்பிடச் சொல்லுங்கள்.