திருப்பினால்தான் வரும் சேனல்: காசு கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் தெருவில் கேபிள் நடத்தும் தம்பி பழைய வயரை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டுக் கொடுக்கிறார். புது பாக்ஸில் 300 சேனல் என்றார். "ஆனா எல்லாம் ஒரே நேரத்துல வராதுக்கா, நீங்க எதை வைக்கிறீங்களோ அது மட்டும்தான் வரும்" என்றும் சொன்னார். 300 சேனலுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஒன்றை மட்டும் அனுப்புவது நியாயமா?
- திருநகர் வாசகி

பதில்: நியாயம்தான், பயப்படாதீர்கள். அந்தத் தம்பி உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார்.

பழைய கேபிளில் நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் எல்லாச் சேனலும் இரவு பகலாக உங்கள் வீடு வரை வந்து நிற்கின்றன. டிவியை அணைத்துவிட்டுத் தூங்கும்போதும்தான். வந்து நிற்பதில் ஒன்றை பாக்ஸ் எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவே. இதற்குக் கம்பியில் நிறைய இடம் வேண்டும். கேபிளின் மொத்த அலைவரிசை அகலத்தை 8 மெகாஹெர்ட்ஸ் துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். நம் ஊரில் வழக்கமான டிஜிட்டல் முறையில் ஒரு துண்டில் சுமார் 38 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 38 மெகாபிட் தகவல், போகும். ஒரு எச்டி சேனலை நல்ல தரத்தில் அனுப்ப 7, 8 எம்பிபிஎஸ் ஆகும் என்றால் ஒரு துண்டில் ஐந்துதான் அடங்கும். அதற்கு மேலும் திணித்தால் படம் கெடும். கிரிக்கெட்டில் பந்து எல்லைக்கோட்டுக்கு ஓடும்போது புல்தரை கட்டம் கட்டமாக உடைவதைப் பார்த்திருப்பீர்கள். டிவி பழசாகிவிட்டது என்று நினைத்துப் புது டிவி வாங்கப் போகிறவர்கள் உண்டு. பல நேரம் குறை டிவியில் இல்லை, இந்தத் திணிப்பில் இருக்கிறது.

இதற்கு வழியாகத்தான் கேட்டால் மட்டும் அனுப்பும் முறை வந்தது. அமெரிக்காவில் டைம் வார்னர் கேபிள் போன்ற நிறுவனங்கள் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்தன. சில நூறு வீடுகளை ஒரு குழுவாக வைத்துக்கொள்வார்கள். எல்லோரும் பார்க்கும் சேனல்கள் எப்போதும் ஓடும். அபூர்வமாகப் பார்க்கும் சேனல்கள் தலைமை நிலையத்திலேயே நிற்கும். குழுவில் ஒரு வீடு கேட்டால்தான் அந்தப் பக்கம் திறந்துவிடுவார்கள். உங்கள் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் ஓடுவதைக் கூட்டினால் இருபது முப்பது சேனல் தேறுமா? ஒரியா சேனலையும் பஞ்சாபி சேனலையும் யாரும் தொடாதபோது அவற்றுக்கு இடம் எதற்கு? ஃபைபரில் வரும் ஐபிடிவி, அதாவது இன்டர்நெட் முறையில் டிவி அனுப்பும் ஏற்பாடு, இதையே எல்லாச் சேனலுக்கும் செய்கிறது.

இன்னொரு சந்தேகம் வரும்: எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் திணறாதா? ஒரே சேனலைக் கேட்டால் திணறாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலையில் ஊரே ஒரு சேனலைத்தான் வைத்திருக்கும். ஆயிரம் வீடு பார்த்தாலும் மெயின் லைனில் வருவது ஒரே பிரதி. அது தெருவுக்குத் தெரு பிரிந்துகொள்ளும். செல்போன் ஆப்பில் பார்ப்பது அப்படியல்ல, அங்கே ஆளுக்கொரு பிரதி தனித்தனியாக வர வேண்டும். பெரிய மேட்ச் அன்றைக்கு ஆப் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே நீங்கள் காசு கொடுப்பது கம்பியில் ஓடுவதற்கு அல்ல, கேட்டதும் வரவேண்டும் என்ற உரிமைக்கு. அந்த உரிமை முழுசாகக் கிடைக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பணம் கட்டும் முன், இதே இணைப்பு வாங்கிய பக்கத்து வீட்டில் இரவு எட்டரை மணிக்குப் போய் உட்காருங்கள். யாரும் அதிகம் பார்க்காத நாலைந்து சேனலை வையுங்கள். "தற்போது கிடைக்கவில்லை" என்று எழுத்து வந்தால், அந்தப் பகுதிக்குப் போதுமான இடத்தை ஆபரேட்டர் ஒதுக்கவில்லையோ என்று சந்தேகப்பட்டுக் கேளுங்கள். அப்புறம் ஒரு எச்டி சேனலில் ஓட்டமான காட்சியைப் பாருங்கள். இடம் மிச்சமாகிறது என்றால் அந்த மிச்சம் உங்கள் திரையில் தெரிய வேண்டும். படம் பழையபடி கட்டம் கட்டமாக உடைந்தால் மாறுவதில் உங்களுக்கு என்ன லாபம்?

சேனல் மாறும் நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். பழங்காநத்தத்தில் என் அக்கா வீட்டில் பழைய பாக்ஸில் ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் படம் வந்துவிடும். புதியதில் நான்கு வரை எண்ண வேண்டியிருந்தது. விளம்பரம் வந்தால் உடனே தாவும் மச்சானுக்கு அது பெரிய எரிச்சல். அக்காவுக்குத் தெரியவே இல்லை. உங்கள் வீட்டில் ரிமோட் யார் கையில் என்பதைப் பொறுத்தது.

கட்டண விஷயம். பணம் கட்டிப் பார்க்கும் சேனலுக்கு ஒளிபரப்பு நிறுவனம் அறிவித்த அதிகபட்ச விலைக்கு மேல் எந்த வழியில் வந்தாலும் வாங்கக் கூடாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளில் கேபிள், டிடிஎச், ஐபிடிவி எல்லாம் அடக்கம். ஆனால் சேனல் விலை போக இணைப்புக்காக மாதாமாதம் வாங்கும் நெட்வொர்க் கட்டணத்துக்கு 200 சேனல் வரை 130 ரூபாய், வரி தனி என்று இருந்த உச்சவரம்பை 2024 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். எனவே அந்தத் தொகையைத் தனியாகக் கேட்டு, இரண்டு மூன்று இடங்களில் ஒப்பிடுங்கள்.

கேள்வி: எனக்கும் ஃபைபர்தான். ஆனால் ஸ்பிளிட்டர் போட்டு இரண்டு டிவிக்கும் பிரித்திருக்கிறேன், இரண்டிலும் எல்லாச் சேனலும் வருகிறது. அப்படியானால் இது அந்த முறை இல்லையா?
- மேலூர் வாசகர்

பதில்: இல்லை. ஃபைபர் என்றாலே கேட்டால் வரும் முறை என்று அர்த்தமில்லை. சுவரில் மாட்டியிருக்கும், ஃபைபர் வந்து சேரும் ஓஎன்யு பெட்டியின் அடிப்பக்கம் பாருங்கள். மரை திருகிப் பொருத்தும் உருண்டையான கேபிள் முனை ஒன்று இருந்து, அதிலிருந்து கறுப்பு வயர் செட்டாப் பாக்ஸுக்குப் போனால், அது பழைய முறையே. எல்லாச் சேனலும் ஒளியாக மாறி ஃபைபரில் வருகின்றன, அவ்வளவுதான். லேன் வயரோ வைஃபையோ பாக்ஸுக்குப் போனால் அது ஐபிடிவி. அதில் ஸ்பிளிட்டர் வேலை செய்யாது. டிவிக்கு ஒரு பாக்ஸ் வேண்டும், ஒவ்வொன்றும் தனி சேனல் கேட்கும். இரண்டாவது பாக்ஸுக்கு எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள், இதைக் கேட்காமல் பிறகு வருத்தப்படுகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: டிவி பார்த்தால் இன்டர்நெட் டேட்டா தீருமா?
- உசிலம்பட்டி வாசகர்

பதில்: ஆபரேட்டர் டிவிக்குத் தனி வழி ஒதுக்கியிருந்தால் தீராது. ஒதுக்காவிட்டால் டேட்டாவும் கழியலாம், வேகமும் குறையும்: இரண்டு டிவியில் எச்டி ஓடும்போது 15 எம்பிபிஎஸ் அளவுக்குப் போய்விடும். 30 எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருப்பவருக்குப் பாதி வேகம் அதிலேயே போய்விடும். "டிவிக்குத் தனி, டேட்டாவில் கழியாது" என்று விண்ணப்பப் படிவத்திலேயே எழுதி வாங்கி, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறு மாதிரிக் கணக்கு வந்தால், முதலில் நிறுவனத்தின் கட்டணமில்லா எண்ணில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அப்போது அந்த நகலும் புகார் எண்ணும் கையில் இருக்கட்டும்.