வேகமாக மூச்சு விட்டால் கண்ணில் மின்னுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 36. மூச்சுப் பயிற்சியில் வேகவேகமாக மூச்சு விடும்போது பார்வை மங்கி, பொட்டுப் பொட்டாக ஒளி தெரிகிறது. இருட்டிலும் பார்வை தடுமாறுவதால் விழித்திரையின் மின் அலையை அளக்கும் ஈ.ஆர்.ஜி. பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் மூச்சு அதன் முடிவைக் கெடுக்குமா?

பதில்: இயல்பாக மூச்சு விட்டால் கெடுக்காது. ஒளி பளிச்சிட்டதும் விழித்திரையில் எழும் மின் அலை கால் நொடிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். நீங்கள் ஒருமுறை மூச்சை இழுத்து விடவே மூன்று, நான்கு நொடி ஆகும். அலையின் உயரமும் சில நூறு மைக்ரோவோல்ட்தான். கண் சிமிட்டினாலோ பல்லைக் கடித்தாலோதான் வரைபடம் கெடும்.

பயிற்சியில் நடப்பது வேறு. வேகமாக மூச்சு விட்டால் ஆக்சிஜன் நிறையச் சேரும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் அது ஏற்கெனவே 95 சதவீதத்துக்கு மேல் நிரம்பித்தான் இருக்கிறது. குறைவது கரியமில வாயு. 35 முதல் 45 மி.மீ. பாதரச அழுத்தத்தில் இருக்க வேண்டிய அது சரிந்தால், மூளைக்கும் விழித்திரைக்கும் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். பார்வை மங்கும், தலை கிறுகிறுக்கும். உதட்டோரமும் விரல் நுனியும் மரத்துப்போகிறதா, கவனியுங்கள். அதற்கும் இதுவே காரணம். மூச்சு சீரானால் சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிடும். அந்த வேகத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஆக்சிஜன் நிஜமாகவே குறையும் இடம் உயரமான மலை. மங்கிய ஒளியில் பார்க்க உதவும், விழித்திரையின் கோல் செல்களில் இருட்டு நேரத்தில் மின்னோட்டம் ஓய்வதே இல்லை. அதற்கு எரிபொருள் ஏராளமாக வேண்டும். அதனால் மலையில் முதலில் அடி வாங்குவது இரவுப் பார்வைதான்.

ஈ.ஆர்.ஜி.க்கு முன் 20 நிமிடம் இருட்டறையில் உட்கார வைப்பார்கள். கண்மணி விரிய மருந்து விட்டிருக்கும், கண்ணோரம் ஒயர் ஒட்டியிருக்கும். பதற்றத்தில் சிலருக்கு அங்கேயே மேல்மூச்சு வாங்கும். மெதுவாக, மூக்கால் மூச்சு விடுங்கள். தலை சுற்றினால் உடனே சொல்லுங்கள்.

மூச்சுப் பயிற்சிதான் காரணம் என்று பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். இருட்டுத் தடுமாற்றத்துக்கு வைட்டமின் ஏ குறைபாடோ பரம்பரை விழித்திரை நோயோ இருக்கலாம். பயிற்சி செய்யாதபோதும் ஒரே கண்ணில் மின்னல் வெட்டினாலோ, புதிதாகக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை இறங்குவதுபோல் மறைத்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.