குடிய விட்டு நாலு மாசம் ஆச்சு, கிறிஸ்துமஸ், நியூ இயர், பொங்கல்னு வரிசையா வருது, எப்படி சமாளிக்கிறது?

கேள்வி கேட்ட தம்பிக்கு வயசு 27, குடிய விட்டு நாலு மாசம். தீபாவளிக்கு "மஞ்சக்காமாலை, டாக்டர் தொடவே கூடாதுன்னுட்டார்"னு ஒரு பொய்ய போட்டு தப்பிச்சிருக்கார். இப்ப அடுத்தடுத்து மூணு பண்டிகை நிக்குது, இதுக்கெல்லாம் என்ன சொல்றதுன்னு கேக்குறார்.

தம்பி, பொய் சொல்லி குடிக்காம இருந்ததுல நான் உங்களுக்கு சீனியர். அந்த அனுபவத்துல சொல்றேன், பொய்யில கஷ்டம் என்னன்னா அது எல்லாத்துக்கும் ஒரு முடிவு தேதி இருக்கு. பல்லு புடுங்கினேன்னா மூணு நாள் தாங்கும். மாத்திரை சாப்பிடுறேன்னா "கோர்ஸ் எப்ப முடியுது மாப்ள"ன்னு தேதி கேட்டு ஞாபகம் வெச்சுக்குவானுங்க. மஞ்சக்காமாலைக்கு பொங்கலே ஜாஸ்தி. நான் புடிச்சது இதையெல்லாம் விட பெருசு, ஊரே கையெடுத்து கும்புடுற சாக்கு. ஐயப்ப மாலை. மாலைய நான் குத்தம் சொல்லல, நான் எதுக்கு போட்டேனோ அந்த காரணத்ததான் சொல்றேன்.

எனக்கு குன்னூர்ல இருந்து கோத்தகிரி போற ரோட்டுல ஒரு சின்ன ஊரு. பச்சைத் தேயிலை ஏத்துற பிக்கப் ஓட்டுறேன், சீசன் நேரத்துல டூரிஸ்ட் வண்டிக்கும் போவேன். இங்க குடிக்கிறதுக்கு காரணமே தேட வேண்டாம், குளிருன்னு ஒரு வார்த்த போதும். டிசம்பர் ஜனவரியில உறைபனி விழுந்தா இலை கருகிடும், வரத்து படுத்துடும், ஃபேக்டரிக்கு நாலு நடை போற வண்டி ஒரு நடை போகும், மீதி நேரம் பூரா ஸ்டாண்டுல உக்காந்து பேச்சுதான். அதுக்கு மேல வெலிங்டன் ராணுவ முகாம் பக்கம்ங்கறதால ரிட்டயர்டு ஆளுங்க கோட்டாவுல வாங்குற மிலிட்டரி ரம்மு ஊருக்குள்ள எங்கயாச்சும் ஒரு பீரோவுல இருந்துகிட்டே இருக்கும். பண்டிகை, குளிரு, வேலை இல்லாத கை, மூணும் ஒரே மாசத்துல வரும் எங்களுக்கு.

குளிருக்கு குடிக்கிறதுங்கறதே சுத்த ஏமாத்து, அத முதல்ல சொல்லிடறேன். உள்ள போனதும் தோலுக்கு ரத்தம் ஓடும், சூடா இருக்கற மாதிரி தெரியும், ஆனா அந்த சூடு தோல் வழியா வெளிய போயிடும், உடம்போட உள்சூடு எறங்கத்தான் செய்யும். தலைகுந்தா பக்கம் புல்லு மேல வெள்ளையா உப்பு கொட்டின மாதிரி பனி கெடக்கற ராத்திரியில குடிச்சுட்டு வெளிய படுத்தவன் சூடாத்தான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டே விறைச்சு போவான். இத டாக்டர் சொல்லித்தான் எனக்கு தெரியும், அதுக்கு முன்னாடி இருபது வருஷம் நானும் குளிருக்குத்தான் குடிச்சேன், மே மாசத்துலயும்.

2022 தீபாவளி. அந்த வருஷம் மே மாசத்துலதான் ஹைகோர்ட் சொல்லி நீலகிரியில முதல்ல அந்த பாட்டில் திட்டம் வந்துச்சு, டாஸ்மாக்ல பாட்டிலுக்கு பத்து ரூபா கூட வாங்குவாங்க, காலி பாட்டில திருப்பி குடுத்தா பத்து ரூபாய குடுத்துடுவாங்க, காட்டுல கண்ணாடி கெடந்து யானை கால்ல ஏறுதுன்னு. நான் எந்த காலத்துல திருப்பி குடுத்தேன், குளியலறைக்கு பின்னாடி விட்டெறிவேன். என் சம்சாரம் அத ஒண்ணொண்ணா பொறுக்கி கோணியில கட்டி பக்கத்து வீட்டு பையன்கிட்ட குடுத்தனுப்பியிருக்கா. 43 பாட்டில், 430 ரூபா. அந்த காசுல பாப்பாவுக்கு மத்தாப்பும் புஸ்வாணமும் வாங்கினா. பாப்பாவுக்கு அப்ப ஒம்பது வயசு, மத்தாப்ப கொளுத்தி என் மூஞ்சிக்கு நேரா புடிச்சுக்கிட்டு "அப்பா, இது உங்க பாட்டில்ல வாங்கினது"ன்னு சிரிச்சுது. கிண்டலெல்லாம் இல்ல, நான்தான் வாங்கி குடுத்தேன்னு சந்தோஷத்துல சொல்லுது.

அதுல சுருக்குன்னு ஆகி அந்த கார்த்திகையில மாலை போட்டேன். குடிய விடணும்னு சொல்ல வாய் வரல, மாலைன்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க பாருங்க. அன்னைக்கே டக்குன்னு நிறுத்துனதுல ரெண்டாவது நாள் ராத்திரி கையி கிடுகிடுன்னு ஆடுது, வேர்வை, தூக்கம் இல்ல, மூணாவது நாள் கம்பளி பூரா எறும்பு ஊறுதுன்னு உதறிக்கிட்டு இருந்தேன், எறும்பே கெடையாது. எங்கம்மா "சாமி சோதிக்கிறாருப்பா"ன்னு திருநீறு பூசி விட்டாங்க. அது சாமி இல்ல, தினமும் குடிச்ச உடம்பு திடீர்னு நிறுத்தினா வர்றது, ஃபிட்ஸ் வரலாம், உசுரே போகலாம்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. இத படிக்கிறவங்கள்ல யாராச்சும் இன்னும் தினசரி குடிச்சுட்டு பண்டிகைக்கு முந்தின நாள் வீம்பா நிறுத்தலாம்னு இருந்தா தயவுசெஞ்சு தனியா செய்யாதீங்க, அரசு ஆஸ்பத்திரியிலயாவது டாக்டர பாருங்க, அதுக்கு மாத்திரையும் வைட்டமின் ஊசியும் இருக்கு.

சரி, நான் பொழச்சேன். 48 நாள் சுத்தமா இருந்தேன், கிறிஸ்துமஸ் போச்சு, 31 ராத்திரி போச்சு, எல்லாரும் "சாமி"ன்னு கூப்டு ஒதுங்கி நின்னாங்க. மலைக்கு போயிட்டு வந்து பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி மாலைய கழட்டினேன். கழட்டினது காலையில, சாயங்காலம் ஸ்டாண்டுல நாலு பேரு கேக் வெட்டாத குறையா காத்திருந்தானுங்க. அவனுங்கள சொல்லி என்ன, அவனுங்களவிட நான்தான் நாள எண்ணிக்கிட்டு இருந்தேன், முப்பதாவது நாள்ல இருந்தே. பழைய அளவுலயே ஊத்தினேன், உடம்பு பழக்கம் விட்டுப்போயிருந்ததுல அந்த அளவ தாங்கல, வாந்தி எடுத்து வாய்க்கால்ல கெடந்தேன். மாட்டுப்பொங்கல் அன்னைக்கு திருவள்ளுவர் தினம், கடை லீவு. லீவுன்னா குடிக்காம இருந்துடலாம்னு நீங்க கணக்கு போட்டிருந்தா அழிச்சுடுங்க, குடிக்கிறவன் முந்தின நாளே ரெண்டு பங்கு வாங்கி வெச்சுடுவான், நான் அப்படித்தான் வெச்சிருந்தேன். "பொங்கல் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்"னு ஆரம்பிச்சது மார்ச் வரைக்கும் போச்சு, கடைசியில கோயம்புத்தூர்ல ஒரு குடி மறுவாழ்வு சென்டர்ல 30 நாள். அதுல இருந்து தொடல, இப்ப மூணு தீபாவளி தாண்டியாச்சு.

அந்த சென்டர்ல என்னைய கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சு ஒரு வரிய சொல்ல சொன்னாங்க. "நான் குடிக்கிறதில்ல." இவ்ளோதான். காரணம் கெடையாது, தேதி கெடையாது. சிரிப்பா வந்துச்சு, இதுக்கு போயி பீஸ் வாங்குறாங்களேன்னு. 2023 தீபாவளிக்குத்தான் அதோட வெல தெரிஞ்சுது. திருப்பூர்ல இருந்து என் மச்சான் வந்திருந்தான், சம்சாரத்தோட தம்பி. சாயங்காலம் அஞ்சு மணி, மஞ்சு எறங்கிடுச்சு, வீட்டுக்கு பின்னாடி கற்பூர மரக்கட்டையும் தேயிலை கவாத்து குச்சியும் போட்டு நெருப்பு மூட்டி நாலு பேரு உக்காந்தாச்சு, நடுவுல மட்டன் வறுவல். அவன் டம்ளர்ல ஊத்தி தண்ணி கலக்கறான், அந்த வாசம் இருக்கே, கற்பூர மரப்புகையும் ரம்மும் சேர்ந்து, எழுதறப்பவே தொண்டையில வருது. "மச்சான், குளிருக்கு ஒரு கட்டிங்"னு நீட்டறான். கண்ணாடி முன்னாடி நூறு தடவ சொன்ன வரி நாக்குல ஒட்டிக்கிச்சு. எச்சில முழுங்கிட்டு "நான் குடிக்கிறதில்லடா"ன்னேன். சிரிச்சான். "எப்ப வரைக்கும்?"னு கேட்டான். "இன்னைக்கு"ன்னேன். "அப்ப நாளைக்கு?" "நாளைக்கு நீதான் திருப்பூர் போயிடுவியே"ன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டானுங்க, அவனும்தான். டம்ளர் திரும்பி போயிடுச்சு. அதுக்கப்புறம் என்கிட்ட நீட்டறதே இல்ல, ஏன்னா அவனுக்கு ஞாபகம் வெச்சுக்க ஒரு தேதி கெடைக்கல.

ஆனா அங்கயே உக்காந்திருந்தா விழுந்திருப்பேன், அதையும் சொல்லணும். ஏக்கம் அலை மாதிரி ஏறும், பெரும்பாலும் அரை மணி நேரத்துல எறங்கிடும்னு சென்டர்ல சொல்லியிருந்தாங்க, அந்த அரை மணி நேரத்த நெருப்பு பக்கத்துல உக்காந்து கழிக்கணும்னு எவனும் சொல்லல. மாமியார் கையில சுக்கு காபி டம்ளர வாங்கிக்கிட்டு வாசலுக்கு வந்துட்டேன். கை காலியா இருக்கறவன்கிட்டதான் நீட்டுவாங்க, அது ஒரு விஷயம். வாசல்ல பாப்பா மத்தாப்பு கொளுத்திக்கிட்டு இருந்துச்சு, காசு எங்கிருந்து வந்துச்சுன்னு அது கேக்கல, நானும் சொல்லல.

இன்னொண்ணு சாப்பாடு. பசி, கோவம், தனிமை, அசதி, இந்த நாலுல ரெண்டு சேர்ந்தாலே உஷாரா இருன்னு குடிய விட்டவங்க கூடற மீட்டிங்ல சொல்லுவாங்க. பண்டிகைனா நாலும் சேரும்: காலையில சண்டை, மத்தியானம் லேட்டு சாப்பாடு, விடிகாலை எந்திரிச்ச அசதி, கூட்டத்துக்குள்ளயே தனியா இருக்கற மாதிரி ஒரு இது. நான் இப்ப நாலு மணிக்கே வயிறு முட்ட தின்னுடுவேன், வீட்ல கேலி பண்ணுவாங்க, பண்ணட்டும்.

உங்களுக்கு டாக்டர் டைசல்ஃபிரம் (ஆல்கஹால் உள்ள போனா உடம்புக்கு ஒத்துக்காம பண்ற மாத்திரை) குடுத்திருந்தா கிறிஸ்துமஸ் கேக்ல கவனம். ரம்முல ஊறவெச்ச பழம், சுட்டப்புறமும் மேல ஊத்துற ரம்மு, அடுப்புல வெச்சா எல்லாம் ஆவியாயிடும்ங்கறது உண்மை இல்ல. வீட்ல போட்ட ஒயின், சில இருமல் சிரப்பு, அதுலயும் ஆல்கஹால் இருக்கு. மூஞ்சி செவந்து நெஞ்சு படபடன்னு அடிச்சு பிரஷர் எறங்கிடும், மாத்திரைய நிறுத்தி ரெண்டு வாரம் வரைக்கும் கூட அப்படி ஆகலாம். (வீட்டாளுங்களுக்கு ஒரு வார்த்தை: இந்த மாத்திரைய அவருக்கு தெரியாம சாம்பார்ல கலந்து குடுக்கறத எங்க ஊர்லயே பாத்திருக்கேன். கொலைக்கு சமம், செய்யாதீங்க.) எங்க பக்கத்து வீட்டு அக்கா வருஷா வருஷம் கேக் குடுத்தனுப்புவாங்க. முத வருஷம் நான் வாங்கி சாப்பிடாம ஒளிச்சு வெச்சேன், சம்சாரம்தான் போயி விஷயத்த சொன்னா. அடுத்த வருஷத்துல இருந்து எங்களுக்குன்னு ஆரஞ்சு சாறுல பழம் ஊறவெச்சு தனியா ஒண்ணு சுடுறாங்க, டப்பா மேல எம்பேர எழுதி. சொல்லியிருந்தா முத வருஷமே சுட்டிருப்பாங்க.

31 ராத்திரிக்கு உபதேசம் எதுவும் இல்ல, அன்னைக்கு நான் வேலைக்கு போயிடுவேன். டூரிஸ்ட் வண்டி, கொண்டை ஊசி வளைவு, பின்னாடி குழந்தை குட்டி, கண்ணு ரோட்டுல. வண்டி சாவிய கையில வெச்சிருக்கறதும் ஒரு சாக்குதானேன்னு நீங்க கேக்கலாம், ஆமா சாக்குதான், ஆனா சம்பளம் வர்ற சாக்கு. உங்களுக்கு வண்டி இல்லன்னா அன்னைக்கு ராத்திரி ஒரு மீட்டிங் தேடுங்க, ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விட்டவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்கற அமைப்பு) குரூப்புங்க ஆன்லைன்லயும் நடத்துறாங்க. 1935ல அமெரிக்காவுல அந்த ஏ.ஏ. ஆரம்பிச்ச கதையே இதுதான். குடிய விட்டு அஞ்சு மாசமான ஒரு ஆளு, வியாபாரத்துக்கு வெளியூர் போயி அது ஊத்திக்கிச்சு, ஹோட்டல்ல ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் டெலிபோன். டெலிபோன் பக்கம் போனாரு. இன்னொரு குடிகாரர தேடிப்புடிச்சு பேசினாரு, அவரு ஒரு டாக்டர், ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிச்சதுதான். அதனால போன்ல ரெண்டு நம்பர் வெச்சுக்கோங்க, குடிய விட்ட ஆளுங்க நம்பர், ராத்திரி எந்நேரமும் எடுக்கறவங்க. யாருமே இல்லன்னா மத்திய அரசோட போதை மீட்பு ஹெல்ப்லைன் 14446 இருக்கு, இலவசம். மனசு ரொம்ப கெட்டுப்போச்சுன்னா மனநல ஹெல்ப்லைன் 14416, தமிழ்லயே பேசலாம்.

ஒருவேள விழுந்துட்டீங்கன்னா, அந்த டம்ளரோட நிறுத்திட்டு அன்னைக்கே யாருக்காச்சும் போன் போடுங்க. "இந்த பண்டிகை முடியட்டும்"னு மட்டும் சொல்லிக்காதீங்க, எனக்கு அந்த வார்த்தைக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

மஞ்சக்காமாலைய கிறிஸ்துமஸுக்குள்ள கைவிட்டுடுங்க. மொத்த கும்பலுக்கும் ஒரே நாள்ல சொல்ல வேண்டாம், அதிகமா ஊத்தி குடுக்கற ஒருத்தன் இருப்பான்ல, அவன்கிட்ட முன்கூட்டியே தனியா சொல்லிடுங்க, பகல்ல, டீக்கடையில. மீதி பேருக்கு அவனே சொல்லிடுவான். 31 ராத்திரி எனக்கு கோத்தகிரியில இருந்து ஊட்டிக்கு ஒரு டிரிப் இருக்கு, விடிய விடிய முழிச்சிருப்பேன். பதினோரு மணிக்கு மேல நாக்கு இழுத்துச்சுன்னா இங்கயே எழுதுங்க, வண்டிய ஓரங்கட்டுனதும் பாக்குறேன்.