காசு கொடுத்து 'பேக்' வாங்கும் மகன்: கேமை அழித்துவிட வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. பிளேஸ்டேஷனில் இஏ நிறுவனத்தின் கால்பந்து கேம் ஆடுகிறான். நல்ல வீரர் கிடைப்பார் என்று 'பேக்' வாங்க அடிக்கடி பணம் கேட்கிறான். இது சூதாட்டம் இல்லையா? கேமையே அழித்துவிடட்டுமா?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. பேக் என்பது கேமுக்குள் விற்கும், வீரர் அட்டைகள் உள்ள மூடிய பொட்டலம். பணம் கட்டும்போது உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாது. வருவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. என்னைக் கேட்டால் இது சூதாட்டமேதான். சட்டம்தான் நாட்டுக்கு நாடு மாறுகிறது. 2018-இல் பெல்ஜியம் இதைச் சூதாட்டம் என்றது. 2019 ஜனவரியில் இஏ அங்கே ஃபிஃபா பாயிண்ட்ஸ், அதாவது பேக் வாங்க உதவும் கேம் பணம், விற்பதை நிறுத்தியது. பக்கத்து நெதர்லாந்திலோ, அதே நிறுவனத்துக்குப் போட்ட 1 கோடி யூரோ அபராதம் 2022-இல் மேல்முறையீட்டில் ரத்தானது. பேக் திறப்பது தனி ஆட்டமல்ல, பெரிய கேமின் ஒரு பகுதி என்றது நீதிமன்றம். அதனால் சட்டம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அவன் பேக் திறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெரிய வீரர் என்றால் முதலில் நாட்டுக்கொடி, அப்புறம் அவர் ஆடும் இடம், அப்புறம் கிளப், கடைசியில்தான் ஆள். அந்தச் சில நொடிப் படபடப்புக்காகத்தான் பிள்ளைகள் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள்.

பேக் விவரத்தில் வாய்ப்புச் சதவீதம் இருக்கும். அதை இருவருமாகப் படியுங்கள். ஓர் அட்டைக்கு 1% வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். 100 பேர் ஆளுக்கு 100 பேக் திறந்தாலும் சுமார் 37 பேருக்கு அது ஒருமுறைகூட வராது. '100 வாங்கினால் ஒன்று உறுதி' என்றுதான் பிள்ளைகள் நம்புகிறார்கள். இன்னொன்று, அடுத்த வருடப் பதிப்புக்கு மாறும்போது இந்த அட்டைகள் அதற்குள் வராது. அணியை முதலிலிருந்து சேர்க்க வேண்டும். செலவும் புதிதாகத் தொடங்கும். இதை அவனிடம் அவசியம் பேசுங்கள்.

கேமை அழிக்க வேண்டாம். நண்பர்களோடு அவன் விளையாடுவது அங்கேதான், காசில்லாமலும் ஆடலாம். அவனுக்குச் சிறுவர் கணக்கு தொடங்கி, பிளேஸ்டேஷனின் குடும்ப அமைப்புகளில் (செட்டிங்ஸ்) மாதச் செலவு வரம்பைப் பூஜ்யமாக்குங்கள். உங்கள் கணக்கில் சேமித்த கார்டை நீக்கிவிடுங்கள். பாயிண்ட்ஸ் கணக்கு பேசினால், எவ்வளவு ரூபாய் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். பிறந்தநாளுக்கு ஆசைப்பட்டால், விலையும் பொருளும் முன்பே தெரிகிற ஏதாவது வாங்கிக் கொடுங்கள்.

கேட்காமல் கார்டை எடுப்பது, செலவை மறைப்பது, தடுத்தால் வெறி பிடித்ததுபோல் கோபப்படுவது என்று தெரிந்தால் மட்டும் தாமதிக்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள்.